சின்னக் காருக்கு ஒரு கொக்கி

வாங்க, உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், கால் ஆடுது, இதுல உக்காருங்க. வழி கண்டுபிடிக்கச் சிரமமில்லையே? இந்த வடவள்ளில எங்க சந்தச் சுத்தி மூணு பிள்ளையார் கோயில் இருக்குங்க. பாதிப் பேர் தப்பான பிள்ளையார்கிட்டத் திரும்பிருவாங்க.

செல்வபுரம் வெல்டிங் பட்டறையில சொல்லி அனுப்புனாங்களா. அனுப்புவாங்க. காருக்குப் பின்னால வண்டியக் கோத்து இழுக்கறதுக்குக் கொக்கி வேணும்னு யாரு போய்க் கேட்டாலும், தெய்வசிகாமணி சாரப் பாருங்க, அவருக்குத்தான் எல்லாம் தெரியும்னு இங்க தள்ளி விட்டுடறாங்க. போன மாசம் மேட்டுப்பாளையத்துல இருந்து ஒருத்தர் வந்தாரு. கிண்டலா அனுப்பறாங்களா, நெசமாத்தான் அனுப்பறாங்களான்னு எனக்கே தெரியலைங்க. வர்றவங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்றேன்.

உங்க காரு எண்ணூறு சிசி தானுங்களே. என்னுதும் அதேதான், வெளிய நிக்குது. பின்னால குனிஞ்சு பாக்காதீங்க, அதுல ஒண்ணும் மாட்டலை.

என்னத்த இழுக்கப் போறீங்க? நர்சரி நாத்தா. நாத்துன்னா கனமே இருக்காதுன்னு நெனப்பீங்க. தண்ணி ஊத்தி ஏத்துனீங்கன்னா மண்ணு குடிச்சு நிக்கும், எடை ஒண்ணரை மடங்கு ஆயிரும். மொதல்ல எடை தெரியணுங்க. மொத்த எடையில பத்துல ஒரு பங்கு வண்டியோட மூக்கு வழியாக் கொக்கி மேல எறங்கணும். கம்மியா எறங்குனா வண்டி நாய் வால் மாதிரி ஆடும். அதிகமா எறங்குனா கார் பின்னால குந்திரும், முன் சக்கரம் ரோட்டப் பிடிக்காது. லாரிக்கெல்லாம் அடியில இரும்புச் சட்டம் இருக்கு. நம்ம கார்ல அது ஏது, வெறும் தகடு. பம்பர்ல வச்சு ஒரு பட்டைய வெல்டிங் அடிச்சுத் தர்றேம்பாங்க. விட்டுராதீங்க. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ரெண்டு கை மாதிரி வந்து, அடித்தகட்டுல நாலு போல்ட்டுல பிடிக்கற மாதிரி வேணும். அதுலயும் ரெண்டு தினுசு இருக்கு, உருண்டை வச்சது, ஓட்டைல பின்னு போடறது.

எப்ப வேணும்? ஞாயித்துக்கெழமையா. அவ்வளவு அவசரம் ஏனுங்க? இதெல்லாம் அவசரப்படற காரியமில்ல.

இவ்வளவு எப்படித் தெரியும்னு கேக்கறீங்க. எங்க வீட்டம்மாவுக்காகப் படிச்சதுதான். வசந்தாமணி. அந்தப் படத்துல இருக்கறது.

நான் பீளமேட்டுல பம்பு கம்பெனில முப்பத்தொரு வருசம் இருந்தேன். தரம் பாக்கற பிரிவு. நான் சரின்னு கையெழுத்துப் போட்டு வெளிய போன பம்பு ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லைங்க. அவ பொம்பளப் புள்ளைங்க ஹாஸ்டல் சமையல்கட்டுல இருந்தா. முன்னூறு புள்ளைங்களுக்கு ஆக்கிப் போட்ட கை. ரெண்டு பேரும் ஒரே வருசம் ஓய்வு பெத்தோம். பையன் புனேல இருக்கான். வீட்ல நாங்க ரெண்டே பேரு.

நான் ஓய்வுன்னா ஓய்வுன்னு உக்காந்துட்டேன். அவளால முடியல. மொத மாசமே சொல்லிட்டா, "ஏனுங்க, நான் சந்தகைக் கடை போடறேன்"னு. உங்களுக்குத் தெரியாததா, வேக வச்ச மாவுருண்டைய மெஷின்ல போட்டு நூலு நூலாப் பிழியறது. தேங்காப்பாலு, எலுமிச்சை, தக்காளி, மூணு வகை போடுவா. கடைன்னா கட்டடம் இல்ல. ரெண்டு சக்கரத்துல ஒரு வண்டி. கார்ல கோத்துட்டுப் போயி, சிறுவாணி ரோட்டுல காலைல மூணு மணி நேரம் போட்டுட்டு, மறுபடி கோத்துட்டு வந்துரலாம். "நீங்க ஓட்டுங்க, நான் விக்கறேன்"னா. நானும் சரின்னேன். சரின்னு சொன்னேனுங்க, வேண்டாம்னு ஒரு நாளும் சொன்னதில்ல. அத நீங்க மனசுல வச்சுக்கோணும்.

வண்டிய அவளே சொல்லிச் சொல்லிச் செஞ்சா. ரெண்டு அடுப்பு, நடுவுல பிழியற மெஷின், பக்கத்துப் பலகையக் கீழ மடக்குனா தட்டு வைக்கலாம். நீலப் பெயிண்டு. ஆவணி மாசம் ஒரு லோடு ஆட்டோவுல ஏத்தி வந்து அந்தா, அந்தக் கார் செட்டுல எறக்குனாங்க. எல்லாம் தயாரு. பாக்கி கொக்கி ஒண்ணுதான். அத நான் பாத்துக்கறேன்னேன்.

மறுநாளே ரெண்டு பேரும் செல்வபுரம் போனோம். அந்தப் பட்டறைக்காரரு காருக்குப் பின்னால குனிஞ்சு பாத்துட்டு, "ஒரு மணி நேர வேலை சார், டீ குடிச்சுட்டு வாங்க"ன்னாரு. எதுல பிடிப்பீங்கன்னு கேட்டேன். பம்பர்லன்னாரு. வேண்டாம்னு திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டேன். வர்ற வழியில அவ கேட்டா, "அவரு எத்தனையோ வண்டிக்குப் போட்டிருக்காரே"ன்னு. "போட்டதுல எத்தனை கழண்டுச்சுன்னு அவரு சொல்லுவாரா"ன்னேன்.

மொதல்ல எடை பாக்கணுமில்லீங்களா. எடை மேடைக்கு வண்டியக் கொண்டு போகணும். கொண்டு போகக் கொக்கி வேணும். கொக்கி வாங்க எடை தெரியணும். சிரிக்கறீங்க. நானும் அப்பச் சிரிச்சேன். அப்புறம் மளிகைக்கடைக்காரர்கிட்ட ஒரு தராசு மேடை கேட்டு வாங்கிட்டு வந்து, ஒவ்வொண்ணாக் கழட்டி எடை போட்டேன். மெஷின், அடுப்பு, சிலிண்டர், தண்ணிக் கேன், பாத்திரம், பலகை. அவ அடுக்கி வச்சதயெல்லாம் எறக்குனா. மூணு வாரமாச்சு. இருநூத்தி எண்பத்தாறு கிலோ. மறுபடி அடுக்குனா. அடுக்கறப்ப ஒரு குண்டா எடை போடாம விட்டுப்போச்சுன்னு தெரிஞ்சு, நான் மறுபடி ஆரம்பிச்சேன்.

உக்கடம் பழைய இரும்புக் கடைல ஒண்ணு பாத்தோம், ஏதோ வெளிநாட்டுக் கார்ல இருந்து கழட்டுனது. இரும்பு நல்ல இரும்பு, ஆனா நம்ம காருக்குப் பெரிசு. திருப்பூர்ல ஒருத்தர் செய்யறாருன்னு போனோம். கணபதில ஒருத்தர். மொத நாலஞ்சு தடவ அவளும் கூட வந்தா, குடை பிடிச்சுட்டு வெயில்ல நின்னா. அப்புறம் "நீங்களே போயிட்டு வாங்க"ன்னுட்டா. நான் ஒரு நோட்டுப் போட்டேன். ஒவ்வொரு கொக்கிக்கும் ஒரு பக்கம். தடிமன், ஓட்டை அளவு, போல்ட்டு, காருக்கு அடியில எத்தனை அங்குலம் தொங்கும், எல்லாம் எழுதி வச்சேன். இருக்குது, வேணும்னா காட்டறேன். முப்பத்தேழு பக்கம்.

கார்த்திகை மாசம் அவ ஒரு யோசனை சொன்னா. வண்டிய எறக்குன லோடு ஆட்டோக்காரரு, தெனம் காலைல இழுத்துட்டுப் போய் விட்டுட்டு, மத்தியானம் திருப்பிக் கொண்டு வந்து விடறேன்னாராம். "கொக்கி கெடைக்கற வரைக்கும்"னா. "அவன் வண்டியில இருக்கற கொக்கி என்ன தரம்னு உனக்குத் தெரியுமா"ன்னு கேட்டேன். தெரியாதுன்னா. "அப்புறம்?"னேன். அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.

சிறுவாணி ரோட்டுல ஒரு டீக்கடைக்காரரு தன் கடைக்குப் பக்கத்துல எடம் தர்றேன்னு சொல்லியிருந்தாரு. தை மாசம் வரைக்கும் பாத்தாரு. அப்புறம் வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டாரு. இவ வீட்ல வாரத்துல மூணு நாள் சந்தகை பண்ணுனா. நானும் சாப்பிட்டேன். நல்லாத்தான் இருக்கும்.

ஒரு நாள் மத்தியானம் தூங்கி எந்திரிச்சு வெளிய வந்தா ஆளக் காணோம். பாத்தா, கார் செட்டுல, வண்டி மேல போட்ட தார்ப்பாய விலக்கிட்டு, உள்ள ஏறி நிக்கறா. கையில கரண்டி. அடுப்பு எரியல, பாத்திரத்துல ஒண்ணுமில்ல. பலகைய மடக்கி விட்டு, முன்னால ஆள் நிக்கற மாதிரி, சும்மா நின்னுட்டு இருந்தா. எனக்குப் பக்குனு ஆச்சு. ரெண்டு சக்கர வண்டிங்க அது, முன்னால முட்டுக் குடுக்காம ஏறுனா ஒரு பக்கமாச் சாஞ்சிரும். "வசந்தா, எறங்கு, பாரம் ஒரு பக்கமா விழுகுது"ன்னேன். எறங்கிட்டா. கையப் பிடிச்சு எறக்கி விட்டேன். தார்ப்பாய அவளே இழுத்து மூடுனா.

நான் அக்கறையாத்தான் சொன்னேன். முட்டுக் குடுக்காம ஏறுனா சாயும், நீங்க யாருகிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

சித்திரை வந்துச்சு. முப்பத்தேழு கொக்கில முப்பத்தஞ்சத் தள்ளிட்டேன். ரெண்டு மிச்சம். ஒண்ணு உருண்டை வச்சது, ஒண்ணு பின் போடறது. உருண்டை சத்தமில்லாம வரும், ஆனா தேஞ்சா வெளிய தெரியாது. பின்னு குலுங்கும், ஆனா தேய்மானம் கண்ணுக்குத் தெரியும். ரெண்டுல ஒண்ணு, அவ்வளவுதான் பாக்கி. அந்த வாரம் ஒரு நாள் திருப்பூர் போய்ட்டுச் சாயங்காலம் வந்து பாத்தா, செட்டுல வண்டி இல்ல. தார்ப்பாய மடிச்சு வச்சிருந்தா.

"வண்டி எங்க"ன்னேன்.

"கேட்டவங்களுக்குக் குடுத்துட்டேனுங்க."

"ரெண்டுல ஒண்ணு தானடி பாக்கி."

"சரி, நீங்க பாருங்க. நல்லதாக் கெடச்சா சொல்லுங்க"ன்னா.

நாலு நாள் நான் அவகூடப் பேசல. எட்டு மாசம் ஒரு மனுசன் அலைஞ்சிருக்கான், ஒரு வார்த்த கேக்காம குடுத்துட்டாளேன்னு எனக்கு ஆத்தாமை. நீங்களா இருந்தாலும் கோவப்படுவீங்க. அவ வழக்கம் போலச் சோறாக்குனா, போட்டா, நான் தின்னேன்.

வைகாசில இருந்து அவ வாரத்துல நாலு நாள் காலைல வெளிய போக ஆரம்பிச்சா. ஆலாந்துறைல தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி ஒண்டியாக் கஷ்டப்படுது, ஒத்தாசைக்குப் போறேன்னா. விடிஞ்சதும் பஸ் ஏறுனா மத்தியானம் வந்துருவா. யாரு, என்ன கஷ்டம்னு நான் கேக்கல. பொம்பளைங்க விசயம், நாம என்னத்தக் கேக்கறது. ஆளு நல்லாத் தெளிஞ்சுட்டா. மொகத்துல ஒரு களை. தலைக்குப் பூ வாங்கி வச்சுட்டு வருவா. மத்தியானம் வந்து படுத்தா நல்லாத் தூங்குவா. வண்டி போனதுல அவளுக்கும் ஒரு பாரம் எறங்கிருச்சுன்னு நெனச்சேன். என் தங்கச்சி போன் பண்ணுனப்ப அதையே சொன்னேன், "அவளுக்கு அந்தக் கடை ஆசையெல்லாம் விட்டுப்போச்சு, இப்பத்தான் நிம்மதியா இருக்கா"ன்னு.

ஆனா ஒண்ணுங்க. எப்பவாச்சும் சோறு போடறப்பக் கேப்பா, "ஏனுங்க, கொக்கி என்னாச்சு?" மொதல்ல ரெண்டு மூணு தடவ பதில் சொன்னேன், பாத்துட்டிருக்கேன்னு. நெசமாவும் பாத்துட்டுத்தான் இருந்தேன். வண்டி இல்லாட்டி என்ன, எடுத்த வேலைய முடிக்கணுமில்ல. புரட்டாசில ஒரு நாள் மறுபடி கேட்டா. "அன்னிக்கே கெடச்சிருந்தா"ன்னு என்னமோ சொல்ல வந்தா. எனக்குச் சுருக்குன்னு ஏறிருச்சு. "வண்டியத் தூக்கிக் குடுத்துட்டுக் கொக்கி கேக்கறயே, என்னைக் கேலி பண்றயா"ன்னு கத்திட்டேன். தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சுட்டேன். அவ பதறிட்டா. "கேலி இல்லீங்க, நெசமாவே கேலி இல்லீங்க"ன்னு ரெண்டு தடவ சொன்னா. அதுக்கப்புறம் கேக்கல.

ஐப்பசில போயிட்டா. பத்தொம்பதாந் தேதி மத்தியானம் பஸ்ஸ விட்டு எறங்கி வந்து, தலை வலிக்குதுன்னு படுத்தா. மழைல நனைஞ்சுட்டு வந்திருக்கா, சளி பிடிச்சிருக்கும்னு நெனச்சேன். சாயங்காலம் வாந்தி எடுத்தா, பேச்சுக் கொளறுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். தலைக்குள்ள ரத்தக்குழாய் வெடிச்சிருச்சுன்னாங்க. மூணு நாள் கண்ணு முழிக்கல. இருபத்திரெண்டு, அவ்வளவுதான். பையன் வந்தான், இருந்தான், என்னையும் புனேவுக்கு வாங்கன்னான். இல்லப்பா, கொஞ்ச நாள் போகட்டும்னு அனுப்பி வச்சேன்.

பதினாறு முடிஞ்சு நாலஞ்சு நாள் கழிச்சு, அவ பையில இருந்து செல்போன எடுத்தேன். சார்ஜ் இல்லாம அணைஞ்சு கெடந்துச்சு. எந்த எந்தச் சொந்தக்காரங்களுக்கு இன்னும் சொல்லலைன்னு பாக்கறதுக்காகச் சார்ஜ் போட்டேன். உசிர் வந்ததும் வந்துட்டே இருந்துச்சுங்க, மிஸ்டு காலு, மிஸ்டு காலுன்னு. எல்லாம் ஒரே பேரு. "சுதா ஆலாந்துறை." ஒரு சேதியும் இருந்துச்சு. "அக்கா நாளைக்கு மாவு நீங்க ஆட்டறீங்களா நான் ஆட்டட்டுமா." அது இருபதாந் தேதி வந்தது.

ஒத்தாசைக்குப் போற வீட்ல மாவு ஆட்டிக் குடுத்திருக்கான்னு நெனச்சேன். பாவம், அந்தப் பொண்ணுக்குச் சேதி தெரியாது போலிருக்கு, நேர்ல போய்ச் சொல்லிரலாம்னு வெள்ளிக்கெழமை காலைல காரெடுத்துட்டுப் போனேன். வீடு தெரியாது. பஸ் ஸ்டாப்புல விசாரிக்கலாம்னு பாத்தா, தாண்டி ஒரு புளியமரம், அதுக்கடியில நீல வண்டி. எனக்குத் தெரியாதுங்களா அந்த வண்டி. ஒவ்வொரு பலகையா எடை போட்டவன் நான். மேல ஒரு தகட்டுல எழுதியிருந்துச்சு, "வசந்தா சந்தகை."

காரத் தள்ளி ஓரமா நிறுத்திட்டு நடந்து போனேன். முப்பது வயசுப் பொண்ணு ஒண்ணு பிழிஞ்சுட்டு இருந்துச்சு. நாலஞ்சு பேரு நின்னு சாப்பிட்டுட்டு இருந்தாங்க, ஒரு ஆட்டோ டிரைவர், ரெண்டு வாழைத்தோப்பு வேலைக்காரங்க. ஒரு ஸ்டூல் காலியா இருந்துச்சு, உக்காந்தேன். என்ன வேணும்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. தேங்காப்பாலுன்னேன். ஒரு வாய் வச்சேன். அவ கைப்பக்குவம் அப்படியே இருந்துச்சு.

"வசந்தாங்கறது நீயா அம்மிணி?"ன்னு கேட்டேன். எனக்கு வேற எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல.

"இல்லீங்ணா, அது எங்க அக்கா. கூடப் பொறந்தவங்க இல்லீங், வடவள்ளி அக்கா. வண்டியே அவங்களதுதான். என் வீட்டு வாசல்ல நிறுத்தி வச்சு, ரெண்டு பேரும் சேந்து போடறோம். நான் சும்மா கெடந்தவ, எனக்குப் பிழியச் சொல்லிக் குடுத்ததே அவங்கதான். மூணு வாரமா வரலீங்ணா, போனும் எடுக்கல. வீடு பிள்ளையார் கோயில் பக்கம்னு மட்டும் சொல்லியிருக்காங்க. ஒருக்கா வடவள்ளிக்குப் போயிக் கோயில் கோயிலாச் சுத்திட்டு வந்தேன்."

பக்கத்துல நின்ன ஆட்டோக்காரரு, "கொக்கி கெடச்சிருக்கும் சுதா"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க.

"என்ன கொக்கி?"ன்னேன்.

"அது பெரிய கதைங்ணா"ன்னு சொல்லிட்டே அவ மாவு வச்சு அமுக்குனா. "அக்கா வீட்டுக்காரரு காருக்குக் கொக்கி பாக்கறாரு. ஒண்ணே கால் வருசமாப் பாக்கறாரு. நோட்டுப் போட்டு எழுதறாராம். நாங்க தெனம் கேப்போம், அக்கா, கொக்கி வந்துச்சான்னு. இன்னும் இல்லடிம்பாங்க. இங்க சாப்பிட வர்ற எல்லாருக்கும் அந்தக் கொக்கியத் தெரியும்."

அவங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேனுங்க. எல்லாரும் சிரிக்கறப்ப ஒருத்தன் மட்டும் எப்படிச் சும்மா இருக்கறது.

"கடை போட்டது அவருக்குத் தெரியாதா?"ன்னேன்.

"தெரியாதுங்ணா. தெரிஞ்சா வந்து அளப்பாரு, அளந்தா நிறுத்திருவாருன்னாங்க. ஆனா சொல்லாமலே விடறதுக்கில்ல. அவரு கொக்கி கெடச்சிருச்சுன்னு வந்து சொல்ற அன்னிக்கு, சரி கார எடுங்கன்னு சொல்லி, நேரா இங்க கூட்டிட்டு வந்து நிறுத்தறேன், அவரு மொகத்த நீ பாக்கணும் சுதான்னாங்க. அதுக்குத்தான் வீட்ல அவரக் கேட்டுட்டே இருப்பாங்க. ரெண்டு மாசம் முன்னால ஒரு நாள் வாடிப்போய் வந்தாங்க. இனி கேக்க மாட்டேன், அவருக்குக் கோவம் வருது, தானாக் கெடைக்கட்டும்னாங்க."

ஆட்டோக்காரரு ஏதோ சொல்ல வாயெடுத்தாரு. சுதா அவரப் பாத்து, "நீங்க பேசாதீங்க, அன்னிக்கு வாங்குனது பத்தாதா"ன்னா. எங்கிட்டச் சொன்னா, "அவரப் பத்தி ஒரு சொல்லு தப்பாப் பேசக்கூடாதுங்ணா அக்காகிட்ட. நாங்க கொக்கியச் சொல்லிச் சிரிக்கலாம், அவங்களும் சிரிப்பாங்க. இவரு ஒருக்கா, அந்தாளுக்கு மண்டைல ஏதாச்சும் கோளாறான்னுட்டாரு. கரண்டியக் கீழ வச்சுட்டுச் சண்டைக்குப் போயிட்டாங்க. எனக்கு ஒண்ணு ஆயிருமோன்னு பயந்துட்டு அந்த மனுசன் அலையறாரு, உனக்கு என்ன தெரியும்னு."

நான் தட்டப் பாத்துட்டு உக்காந்திருந்தேன்.

"இப்பக் கெடச்சிருச்சு போல"ன்னா. "ரெண்டு பேரும் கார்ல எங்கயோ கெளம்பியிருப்பாங்க. ராமேசுரம் போகோணும், ராமேசுரம் போகோணும்னு சொல்லிட்டே இருந்தாங்க."

ராமேசுரம் போகணும்னு அவ எங்கிட்டச் சொன்னதே இல்லைங்க. இல்ல, சொல்லியிருப்பா. நான் அப்ப என்ன படிச்சுட்டு இருந்தேனோ.

தட்டக் கீழ வச்சுட்டு எந்திரிச்சேன். சொல்லிரலாம்னுதான் எந்திரிச்சேன். வண்டிக்கு முன்பக்கமாப் போனேன். அங்க ஒரு பழைய மொபெட்டு நின்னுச்சு. அதுக்குப் பின்னால ஒரு இரும்புப் பட்டை, பட்டைல ஒரு ஓட்டை, வண்டி மூக்குல ஒரு ஓட்டை, ரெண்டையும் சேத்து ஒரு பின்னு. அவ்வளவுதான். ஏதோ ஒரு டிராக்டர் பட்டறைல போட்டுக் குடுத்திருக்காங்க. அஞ்சு மாசம் அதுலதான் வண்டி போய் வந்திருக்கு. நான் அப்படியே குத்தவச்சுக் குனிஞ்சு பாத்தேன். பின்னு மேல எகிறாம இருக்கறதுக்குக் கீழ ஒரு கிளிப்பு போடணும். அது இல்ல.

"அம்மிணி, இதுக்குக் கீழ ஒரு கிளிப்பு போடணும்"னு சொன்னேன். "பள்ளத்துல எறங்கறப்பப் பின்னு எகிறுச்சுன்னா வண்டி மூக்கு ரோட்டுல குத்திரும். பாரம் பூரா முன்னால சாயும். பக்கத்துல யாராச்சும் நின்னா காலு போயிரும்"னேன்.

எனக்கு வாயில வந்தது அதுதானுங்க.

மேல மெஷின் சத்தம் நின்னுருச்சு. "அண்ணா, நீங்க வடவள்ளியா?"ன்னு கேட்டா.

குனிஞ்சுட்டே, ஆமான்னேன்.

கைய மாவோட தூக்கிட்டே வண்டியச் சுத்தி வந்தா. ரோட்டோரம் நின்ன என் காரப் பாத்தா. "அக்கா கார்லயே உக்காந்திருக்காங்களா?"ன்னா.

நான் தலைய ஆட்டுனேன், இல்லைன்னு. "ஐப்பசி இருபத்திரெண்டு"ன்னேன். தேதியத்தான் சொன்னேன்.

அவ திரும்பி வண்டிக்குப் போனா. ஒரு அடுப்பு அணையற சத்தம் கேட்டுச்சு, அப்புறம் இன்னொரு அடுப்பு. புதுசா யாரோ வந்து ரெண்டு தட்டு எலுமிச்சைன்னு கேட்டாங்க. "இன்னிக்கு இல்லீங்க, போயிட்டு வாங்க"ன்னா. அப்புறம் வந்து எனக்குப் பக்கத்துல மண்ணுலயே உக்காந்தா. நான் எந்திரிக்கலைங்க. அந்த ஆட்டோக்காரரு எனக்கு முட்டிவலின்னு நெனச்சுட்டுக் கையக் குடுத்தாரு. அவதான் அவரப் பாத்து வேண்டாம்னா.